நடுங்கும் கை

குளியலறைத் தாழ்ப்பாளுக்குக் கண் கிடையாது. ஆட்களைக் கையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். நடுங்கும் கை என்றால் அது மரகதம். மகன் கதிரேசனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து தாழ் போடுவாள். வெளியே அவள் புருஷன் கதவை உதைப்பார்.

மரகதம் செத்துப் பல வருஷம் கழித்து, இன்று மறுபடியும் ஒரு நடுங்கும் கை அவசரமாகத் தாழ் போட்டது. வெளியே உதையும் விழுந்தது.

"அண்ணே, மரகதம் வந்துட்டாங்க!" என்றது தாழ்ப்பாள்.

"மரகதமாவது ஒண்ணாவது!" என்று சீறியது கதவின் கீல். "உள்ள நிக்கிறது அவ புருஷன். வெளிய உதைக்கிறது கதிரேசன், அச்சு அசலா அப்பன் மாதிரியே. இந்தக் கிழவன் அன்னைக்கு உதைச்சதுலதான் நான் கோணிப்போனேன். நீ கழண்டு விழுடா, வாங்கட்டும்."

தாழ்ப்பாளின் ஆணிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. விழுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கிழவர் அதன்மேல் நெற்றியைச் சாய்த்தார்.

"மரகதம், உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அடுத்த உதை விழுந்தது. தாழ்ப்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"யாருன்னு தெரிஞ்சுமாடா?" என்றது கீல்.

"கை நடுங்குதுண்ணே."

கோணல் உடம்பை நிமிர்த்தி, கீலும் கதவைத் தாங்கிக்கொண்டது.