தலைகீழாகத் தொங்கிய சேணம்

குதிரைப்படை வீரர்கள் தங்கும் கொட்டடியில் ஓவியர் ரங்கராஜு தூரிகையைக் கழுவிவிட்டு, "முடிஞ்சுது, வந்து பாத்துக்கலாம்" என்றார். சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்த மூவரும் எழவில்லை. வீரமலை மட்டும் ஆசையாகப் போய் படத்தின் முன் நின்றான். பகடை உருட்டும் கைகள், காயப்போட்ட தலைப்பாகை, மூலையில் ஹூக்கா, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. சுவரில் அவரவர் கட்டிலுக்கு மேலே அவரவர் சேணம். வீரமலையின் சேணம் மட்டும் தலைகீழாகத் தொங்கியது. செத்தவனுடைய சேணத்தைத்தான் அந்தப் படையில் அப்படி மாட்டுவார்கள்.

திரும்பிச் சுவரைப் பார்த்தான். அங்கே அது நேராகத்தான் இருந்தது.

"என்ன ராஜு, தப்பா எழுதிட்டீரே?"

"நான் எங்கே தப்பா எழுதினேன்? காலையில நீங்க இல்லாதப்போ அப்படித்தான் மாட்டியிருந்துச்சு."

காலையில் குதிரையை ஆற்றில் குளிப்பாட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வீரமலை போனது தளபதியின் வீட்டுக்கு. படையை விட்டு ஓடத் திட்டமிட்டிருந்த இந்த மூவரின் பெயரையும் அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வாசலில் நின்ற அவன் குதிரையின் மேல் நேற்றைய புழுதி அப்படியே ஒட்டியிருந்தது.

பின்னால் பகடை உருளும் சத்தம் நின்றது.

"என்ன மாப்ளே," என்றான் மூவரில் மூத்தவனான காத்தவராயன், சிரித்துக்கொண்டே. "குதிரை நல்லா குளிச்சுதா?"