கிர்ரென்ற சத்தம்

கோபிகிருஷ்ணன் பென்சிலின் பின்முனையால் ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது கண்ணாடி வால்வைத் தட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை. வால்வு அதுபாட்டுக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"வருதுண்ணா. கிர்ருனு வந்துகினே கீது" என்றான் திலீப், கிடாரை மடியில் வைத்தபடி.

கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன். ஏர்பேட்டிலிருந்து மனைவி ஷோபாவும் அவனுமாக அந்தக் கனத்த ஆம்ப்ளிஃபயரை பஸ்ஸில் தூக்கி வந்திருந்தார்கள். பதினைந்து நாளாக இந்தச் சத்தத்தோடு மேடையேற முடியவில்லையாம்.

திருப்பதியில் முப்பது வருஷமாக ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் வேலை பார்க்கிறவர் கோபிகிருஷ்ணன். எந்த வால்வு ஆடுகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று காதே சொல்லிவிடும்.

இன்றைக்குக் காது எதுவும் சொல்லவில்லை.

வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஸ்பீக்கரின் திருகுகளை இறுக்கினார். பின்பலகையைக் கழற்றி வைத்தார். திலீப் தடித்த கம்பியை மீட்டினான். சுத்தமான சத்தம்.

"இப்போ?"

"கீதுண்ணா."

அவர் ஷோபாவைப் பார்த்தார். "உனக்கும் கேக்குதாம்மா?"

"கேக்குதுண்ணா" என்றாள் யோசிக்காமல்.

இரண்டு பேருக்குக் கேட்பது தனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? இதுவரை எத்தனை பேரிடம் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினோமோ என்று நினைத்துக்கொண்டார்.

"வாசிக்காத. கண்ண மூடிக்கினு கேளு."

திலீப் பெட்டியின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினான். கோபிகிருஷ்ணன் சத்தமில்லாமல் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வால்வுகள் மெல்ல மங்கி அணைந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தார்.

"இப்பவும் கேக்குதா?"

"இப்பதாண்ணா ஜாஸ்தியா கீது."

அவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். ஷோபா அந்தப் பிளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கேக்குதுண்ணா" என்றாள்.

அவர் பிளக்கைக் கீழே வைத்தார். பெட்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். திலீப் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க வெளியே போனான்.

ஷோபா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு காது டாக்டர பாக்க டோக்கன் வாங்கி வெச்சிக்கீறேன். எங்க வூட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. அதுவரைக்கும் கோளாறு இந்தப் பெட்டியிலயே இருக்கட்டும்ண்ணா."