லேபுக்கு ஒரு எடைக்கல்

தராசு ரிப்பேர் செய்யும் பெரியவருக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. எந்தக் கடைத் தராசானாலும் தன் பையிலிருக்கும் எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

அவர் மனைவிக்கு நாலு நாளாக நெருப்பாய்க் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு ஊசி மருந்து மாத்தியாச்சு, கிருமி மசியல. எந்த மருந்துக்குச் சாகும்னு லேப்லதான் பாக்கணும்.”

“நல்லா இருக்கிறவனுக்கும் நோய்னு எழுதுவான்மா லேப்காரன்!” என்று முறைத்துவிட்டுத்தான் அவர் சிறுநீர் டப்பாவை லேபில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

“கிருமியே இல்லையாம்! அப்ப ஊசிய நிறுத்திட்டு, கோளாறு வேற எங்கன்னு தேடுவோம்.”

கட்டிலில் மனைவி வெடவெடவென்று நடுங்கினாள். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

“என்ன பெரியவரே, லேப்காரர் ஒண்ணும் பொய் நோய் எழுதலையே?”

“ஊசிய நிறுத்தாதீங்கம்மா!” பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “அவன் யோக்கியன்தான். புளுகுறானான்னு பாக்கத்தான், இவளோடதக் கொட்டிட்டு, டப்பாவுல என்னோடதப் பிடிச்சுக் குடுத்தேன்.”