மைசூர் ரத்தினம்

“அரண்மனைக்குள்ள இன்னாப்பா இருக்கும்?” என்று மகள் ஜெரூஷா சுந்தர்சிங்கிடம் கேட்டாள்.

“பெருசா இருக்கும். தூணு தூணா இருக்கும்” என்றவன், தோசையைப் பிட்டுச் சட்னியில் புரட்டிக்கொண்டே இருந்தான். அடுப்பருகே நின்ற அவன் மனைவி அருள்மேரியின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது.

சுந்தர்சிங் டூரிஸ்ட் வேன் டிரைவர். கல்யாணமான நாளிலிருந்து, லீவு விட்டால் போதும், பெருங்களத்தூரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மைசூருக்குப் பறந்துவிடுவான். ஊரே டூர் போகும் மாதத்தில்தான் அவனுக்கு வேலை. பீர்க்கன்கரணையில் இருக்கும் அவன் வீட்டாருக்கு, வண்டலூர் மிருகக்காட்சி சாலைதான் அதிகபட்ச டூர்.

ஜெரூஷா பத்தாவது பாஸானதும் அவனாகவே சொன்னான்: “இந்த வாட்டி நாம போறோம். மைசூர்.” அன்று அருள்மேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டில் பெட்டிகூட இரவல் கேட்டு வைத்துவிட்டாள்.

“சிம்மாசனம் பார்த்திருக்கியாப்பா?” மகள் விடவில்லை.

“சாப்புடு, ஆறிடப் போவுது.”

வெளியே இருக்கும் சங்கதியைக் கேட்டால் மட்டும் அவனுக்கு வாய் திறந்தது. எந்த மரத்தடியில் வெயில் விழாது, எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், புறாக்கள் எப்போது கூட்டமாக வந்து இறங்கும், எல்லாம் அத்துப்படி. அரண்மனை வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை கிடையாது.

அப்படியானால் ஜனங்கள் உள்ளே சுற்றுகிற நேரத்தில் இவன் எங்கே போனான்? அந்தக் கேள்வி அருள்மேரியின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அவள் தையல் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அடுத்த மிஷின் ஜான்சி. மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் வாய்விட்டாள்.

“டிரைவருங்க கதை உனக்குத் தெரியாதாக்கா?” என்றாள் ஜான்சி. “ஊருக்கு ஒரு வூடு வெச்சிருப்பாங்க. எதுக்கும் கண்ணைத் திறந்து வெச்சிக்கோ.”

திறந்து வைத்தாள். பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது. வேன் ஓனரே, “வண்டியை எடுத்துக்கினு போ சிங்கு, டீசல் மட்டும் போட்டுக்கோ” என்று சொல்லியிருக்கிறார். இவன் வேண்டாம் என்றுவிட்டு ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறான். ஓசியில் வந்த வண்டியை எந்த டிரைவராவது வேண்டாம் என்பானா?

போனில் அடிக்கடி ‘ரத்தினம் மைசூர்’ என்று ஒரு பெயர் வந்தது.

“யாருய்யா அது?”

“அங்க தெரிஞ்சவங்க. ரூம் பார்த்துத் தராங்க.”

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள், மாடிப்படி வளைவில் அவன் போனில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக் கீழ்ப்படியிலேயே நின்றாள்.

“இல்ல இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அங்க வந்து தெரிஞ்சுக்கட்டும்.”

போனிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண்ணின் சிரிப்பு.

பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே சுவரில் சாய்ந்தாள். பிறகு அவனைத் தாண்டி மேலே ஏறிப்போய், பாதி அடுக்கியிருந்த பெட்டியைத் திறந்தாள். தன் புடவைகளையும் மகளின் சுடிதார்களையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

பின்னாலேயே வந்த சுந்தர்சிங் திகைத்தான். “இன்னா மேரி, எடுத்து வெளிய போடுற?”

“நான் வரல. எம் பொண்ணும் வர மாட்டா. நீயே போ. அங்கதான் உனக்கு ஆள் கீதே!”

“ஆளா? இன்னா பேசுற நீ?”

“இத்தினி வருஷமா போறியே, அரண்மனைக்குள்ள இன்னா கீதுன்னு கேட்டா முழிக்கிற. எங்கய்யா போயிருந்த? அதையாச்சும் சொல்லு!”

அவன் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். காதுமடல் வரை முகம் சிவந்தது. வாசலில் ஜெரூஷா அழுவதற்குத் தயாராக நின்றிருந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவன் கையிலிருந்த போன் அடித்தது. ரத்தினம் மைசூர். அவன் துண்டிப்பதற்குள் அருள்மேரி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னப்பா, பேசிட்டு இருக்கும்போதே வெச்சிட்ட? என்னிக்கு வர்றேன்னு சொல்லவே இல்லியே!” கன்னட வாடை வீசும் தமிழ்.

“யாருடி நீ?” அருள்மேரியின் குரல் உடைந்தது. “எம் புருஷன் உனக்கு யாரு?”



“நான் ரத்தினபாய்மா. வயசானவ. அரண்மனை வெளியில டீக்கடை போட்டிருக்கேன். ஜனத்தை உள்ள அனுப்பிட்டு உன் புருஷன் என் கடை பெஞ்சுலதான் உக்காந்திருப்பான்.”

அருள்மேரி கணவனைப் பார்த்தாள். அவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வண்டியை நான் பார்த்துக்கறேன், நீயும் போய்ப் பார்த்துட்டு வாடான்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். அசைய மாட்டான். ‘மேரி இல்லாம நான் மட்டும் எப்படிக்கா பார்க்கறது, அவ வரட்டும்’பான். வண்டி வந்தா அதுக்குக் காவல் இருக்கணும்னுதான் இந்த வாட்டி ரயில்ல வர்றான்.”

 போனிலிருந்து அந்தக் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“நீதானேம்மா மேரி?”