பன்னிரண்டாம் சேனலில் அரட்டை

"மாமியார் வந்திருக்காங்களா? அப்ப வீட்டுல சமையல் யாரு, கேப்டன்?"

கடலோரக் காவல் நிலையத்தின் கண்காணிப்பு அறைக்குள் கால் வைத்ததும் அதிகாரியின் காதில் விழுந்தது இதுதான். மாற்றலாகி வந்து அவருக்கு முதல் நாள்.

மத்தியானம் இரண்டு மணி. குறுகலான கடல் வழியில் கப்பல்கள் எறும்புச் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலை மாதிரிதான், போக ஒரு தடம், வர ஒரு தடம். யாரும் தடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த அறையின் வேலை.

ரேடியோ ஆபரேட்டரோ மாமியார் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

"என்னம்மா நடக்குது இங்க?"

அவள் திரும்பக்கூட இல்லை. 'கொஞ்சம் இருங்க' என்று கையை மட்டும் காட்டினாள்.

"உப்பு ஜாஸ்தி போடறது மாமியாரா, உங்க வீட்டம்மாவா? யோசிச்சுச் சொல்லுங்க."

"உப்பு... மாமியார்தான்..." என்று இழுத்தது ரேடியோ.

அதிகாரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"இது எல்லாக் கப்பலும் கேக்கற சேனல். தேவைக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு. இன்னிக்கே மெமோ. வேலை போனா என்னைத் திட்டாதே!"

"சார், ஒரு இருபது நிமிஷம்..."

மைக்கைப் பிடுங்கினார். "கேப்டன், வேலையைப் பாருங்க. வெட்டிப் பேச்சு வேண்டாம்."

"சார், அவரு..."

"நடுவுல பேசாதே!"

குறைவாகப் பேசுவதன் அருமையைப் பற்றி நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசினார்.

"ஐயோ, திரையைப் பாருங்க சார்!"

அந்தக் கேப்டனின் கப்பலைக் காட்டும் பச்சைப் புள்ளி தன் தடத்தை விட்டு மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. எதிர்த் தடத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல்.

"தூங்கிட்டாரு சார்! கூட இருக்கறவங்க எல்லாரும் காய்ச்சல்ல படுத்துட்டாங்க. ஒத்தை ஆளா நேத்து காலையிலேருந்து நிக்கறாரு. நங்கூரம் போட அங்க இடமில்ல. நம்ம படகுல ஆள் அனுப்பியாச்சு, போய்ச் சேர இருபது நிமிஷமாகும். 'கண்ணைச் சொக்குதுக்கா, ஏதாவது கேட்டுக்கிட்டே இருங்க'ன்னு அவர்தான் கெஞ்சினாரு."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எண்ணெய்க் கப்பலைக் கூப்பிட்டு, "விலகுங்க, விலகுங்க" என்று அலறிக்கொண்டிருந்தார்.

"கேப்டன்! கேப்டன்!"

மைக்கில் கத்தினார் அதிகாரி. ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"கேப்டன்! எழுந்திருங்கய்யா!"

"ம்... இருக்கேன்... இருக்கேன் சார்..."

புள்ளி தயங்கித் தயங்கித் தன் தடத்துக்குத் திரும்பியது. அறையில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் மைக்குக்காகக் கையை நீட்டினாள். அதிகாரி தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சுற்றுவட்டாரக் கப்பல் அத்தனைக்கும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

"கேப்டன், என் பொண்டாட்டி எங்கூடப் பேசி மூணு நாளாச்சு. என்ன காரணமா இருக்கும்னு நினைக்கறீங்க?"