பின்கதவில் இரண்டு பெயர்

பாலிஷ் மிஷினின் இரைச்சல் அடுப்படி வரைக்கும் வந்தது. புஷ்பவள்ளிக்கு அது நாயனச் சத்தம் மாதிரி இனித்தது.

பின்பக்கக் கொட்டகையில் அவள் புருஷன் பொன்னுரங்கம் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன். வண்டி துடைக்க ரைஸ்மில்லில் ஆளா இல்லை? ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கடலூர் வரைக்கும் தானே போய் மிஷினும் தேய்க்கிற காம்பவுண்ட் பசையும் வாங்கி வந்தார்.

பெற்ற பெண்ணைக் கூட்டி வரப்போகிற வண்டி, பளபளவென்று இருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சுவேதா வீட்டை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. கூடப் படித்த கதிர்வேலைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. சிதம்பரத்தில் தாலி ஏறிய சேதி, டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு காட்டுமன்னார்கோயிலுக்கு வந்துவிட்டது. அன்றைக்கே பொன்னுரங்கம் மில் வாசலில் நின்று, மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதோடு வீட்டில் அவள் பேச்சே கிடையாது.

அப்படிப்பட்டவர், முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பாப்பா எங்க இருக்கா புஷ்பா? நான் போயி கூட்டியாந்துடறேன். எத்தினி நாளைக்கித்தான் வீம்பு புடிக்கிறது? நீ போன்ல சொல்லிடாத. திடுதிப்புனு போயி நின்னா சந்தோஷப்படுவா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று சாயங்காலம் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்குப் பிடித்த சுழியத்தை எண்ணெயிலிருந்து அரித்து எடுத்து, சூட்டோடு நாலைத் தட்டில் வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி கொட்டகைக்குப் போனாள்.

காரின் பின்கதவில் சுவேதா, சித்தார்த் என்று பிள்ளைகள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். வண்டி வாங்கிய அன்றைக்கு ஒட்டியது. மகன் சித்தார்த் இப்போது துபாயில் இருக்கிறான். மகள் போன மறுநாளே அவள் பெயரைப் பொன்னுரங்கம் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தார். ஸ்டிக்கர் போனதே தவிர பெயர் போகவில்லை. வெயிலில் சுற்றிலும் வண்டியின் சிவப்பு வெளுத்துவிட, எழுத்து இருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாகவே நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டுதான் வந்தார்கள். அதில் புஷ்பவள்ளிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

இப்போது அந்தப் பெயர் சுத்தமாக இல்லை. மிஷினின் பஞ்செல்லாம் சிவந்திருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சித்தார்த்தின் பெயரையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில்தான் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மனசு ஆறியது. மகன் பெயரையும் எடுக்கிறார் என்றால் இது கோபமில்லை. புதிதாக ஒட்டப்போகிறார். மருமகன் பெயரையும் சேர்த்து மூன்று பெயராக ஒட்டினாலும் ஒட்டுவார். பேராசைதான், அவளுக்கே சிரிப்பு வந்தது.

பொன்னுரங்கம் மிஷினை நிறுத்தினார். சுழியத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார்.

"நம்பர் பிளேட்ட ஏங்க கழட்டறீங்க?"

"வந்து மாட்டிக்கலாம்."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். கழற்றியதைச் சாக்கின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி மிஷினைப் போட்டார்.

புஷ்பவள்ளி வண்டியைச் சுற்றி வந்தாள். முன்கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. சக்கரத்தில் வீராணம் ஏரிக்கரைச் சேறு அப்படியே காய்ந்திருந்தது. பெயர்கள் இருந்த இடத்தைத் தவிர, அவர் வேறெங்கும் துணிகூடப் போடவில்லை.

இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், அவர் மறுசோறு வாங்கியதில் மயங்கி நம்பிவிட்டாளே.

தட்டைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஓடினால் தெரிந்துவிடும் என்று நடந்தே வந்தாள். போனைத் தேடி எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

அண்ணாமலை நகரில் எந்தத் தெரு, எந்த மாடி என்று அவருக்குச் சொன்னவள் அவள்தான். அதோடு விட்டாளா? சொல்லாதே என்று அவர் சொல்லியும் மனசு கேட்காமல், இன்று காலையில் மகளுக்கும் சொல்லிவிட்டாள். அப்பா வர்றாரு, எங்கயும் போயிடாதீங்க, மாப்பிள்ளையையும் லீவு போடச் சொல்லு என்று.

"எம்மா, அப்பா கெளம்பிட்டாரா?" சுவேதாவின் குரலில் சிரிப்பு இருந்தது. "ரெண்டு பேரும் லீவு போட்டுட்டோம்மா. அவருக்குப் புடிக்குமேன்னு வஞ்சிரம் வாங்கியாந்து கொழம்பு வச்சிருக்கேன்."

கொட்டகையில் மிஷின் நின்றது.

வீட்டில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. செருப்பைக் கழற்றிப் போடுவது கேட்டது. அவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். புஷ்பவள்ளி குரலைத் தாழ்த்தவில்லை.

"அங்க இருக்காதீங்க கண்ணு. இப்பவே ரெண்டு பேரும் கெளம்பிடுங்க. எங்க போறீங்கன்னு எங்கிட்டயும் சொல்லாத."