அடிமதகு திறக்கும் முன்

மதகுக் கோபுரத்தில் சியூ-லுவான் நிற்கிறாள். அவள் விரல் அடிமதகின் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. மழை பொய்த்த நீர்த்தேக்கத்தில் மேல்மதகுகள் இரண்டும் தண்ணீருக்கு எட்டாமல் வெயிலில் காய்கின்றன. மிஞ்சியது அடிமதகு மட்டும். அங்கிருந்து எடுத்த குடுவைத் தண்ணீர் கரும்பழுப்பாய்க் கலங்கி, அழுகிய முட்டையாய் நாறுகிறது. இயந்திரம் முரண்டு பண்ணாதிருக்க ராசிக்காக விசைப்பெட்டியின்மேல் வைத்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் மின்விசிறிக் காற்றில் சரசரக்கிறது. "அக்கா, திறங்க! ஊர்த்தொட்டி அடிக்கு வந்துடுச்சு," என்று தொலைபேசியில் கத்துகிறான், தொட்டியடியில் நிற்கும் வால்வுக்காரன் ஆ-ஹோங். "பொறுடா. ஊர்த்தொட்டித் தண்ணியில டயாலிசிஸ் ஆஸ்பத்திரித் தொட்டி பாதிதான் ரொம்பியிருக்கு. இந்தச் சாக்கடை கலந்துட்டா அந்த ஜனங்க ரத்தத்தை எதுல கழுவுவாங்க?" "அதுக்குள்ள குழாய் வறண்டா ஊரே என் தோலை உரிச்சிடும்." "தினமும்தான் உரிக்கிறாங்க, இன்னுமா மிச்சம் இருக்கு?" மறுமுனையில் இரும்புச் சக்கரம் ஒன்று கிரீச்சிட்டுச் சுழல்கிறது. "என்னடா பண்றே?" "எங்க தெருவுக்குப் போற வால்வை மூடுறேன். இருக்கிற நல்ல தண்ணி ஆஸ்பத்திரிக்கே போகட்டும். என் பொண்டாட்டி இந்நேரம் தலைக்குச் சோப்பு போட்டிருப்பா; அவகிட்ட நீங்கதான் பேசணும்." "மாஸு தாயே, இவனைக் காப்பாத்து," என்று கடலம்மனை வேண்டி முணுமுணுத்தபடி சியூ-லுவான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கிறாள்.